பூசணிக்காய் வாங்கப் போன நேரம்

ஜனவரி 9, புதன்

சிமெண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உறுதியே எங்கள் உயிர்' என்று அச்சடித்திருக்கிறான். கொடுத்தவன் அறியமாட்டான், இதில் என்னவெல்லாம் எழுதப்படும் என்று.

கல்லூரி நிர்வாகம் ஒருவழியாக இன்று அனுமதி கொடுத்தது. காவலர் கூண்டுக்குப் பின்னால், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே ஓர் அறை. சுவர் செங்கல், மேல்தளம் கான்கிரீட். ஆனால் தளத்துக்குள் இரும்புக் கம்பி ஒரு துண்டுகூட இருக்காது. கம்பி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மூங்கில் பட்டை. கான்கிரீட்டை நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விட்டுவிடும். அந்த இழுவையைத் தாங்கத்தான் கம்பி போடுகிறார்கள். அதே வேலையை மூங்கில் செய்யும் என்பது என் கட்சி. செய்யாது என்பது துறைத்தலைவி லோகநாயகியின் கட்சி. என்னைவிட நான்கு வயது இளையவர், எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

"கோதண்டபாணி சார், ரூம் நின்னுச்சுன்னா நானே உங்களுக்கு மாலை போடறேன்" என்றார், ஆசிரியர்கள் எல்லோரும் கேட்கும்படி. நாலு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 21, திங்கள்

கம்பி கட்டுகிற சென்னியப்பன் வந்தான். சத்தியமங்கலம் வட்டாரத்தில் இருபத்தாறு வருடமாகக் கம்பி கட்டுகிறவன். கூரைத் தளத்தில் அவன் போட்ட முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், அத்தனை ஒழுங்கு. மூங்கில் பட்டைகளைப் பார்த்தான். மூன்று மாதம் காய்ந்தவை. தார் பூசி மணலில் புரட்டி அடுக்கி வைத்திருந்தேன், கான்கிரீட்டின் ஈரம் உள்ளே போய் மூங்கில் ஊதிவிடக்கூடாது என்பதற்காக.

"சார், பாடைக்குத்தானுங்களே மூங்கில் கட்டுவாங்க?"

என் ஆறு வருட ஆராய்ச்சிக்கு அவன் எழுதிய மதிப்புரை இது. "கட்டுக்கம்பியும் கிடையாது, நைலான் கயிறுதான்" என்றேன். கயிற்றை வாங்கி இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தான். கோயிலில் செருப்போடு நிற்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 4, திங்கள்

அவனுக்குக் கட்டுவதில் மனமில்லை. முடிச்சில் தெரிகிறது. எட்டாவது பட்டைக்கும் ஒன்பதாவதுக்கும் இடைவெளி அரை அங்குலம் கூட. அவிழ்த்துக் கட்டச் சொன்னேன், கட்டினான், மறுபடி அதே.

இன்று ஒரு வழி தோன்றியது. சொந்தப் புத்தியை மெச்சிக்கொள்ளக் கூடாதுதான், ஆனாலும் இது நல்ல யோசனை. அந்த அறையில் யார் குடியிருப்பது என்று நிர்வாகம் கேட்டிருந்தது. கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் பாவாயி, சென்னியப்பனின் தங்கை. புருஷன் செத்து ஐந்து வருடம், குழந்தை இல்லை, அண்ணன் வீட்டில் அண்ணிக்காரியின் வாய்க்குப் பயந்து ஒண்டிக்கொண்டிருக்கிறாள். அறையைப் பாவாயிக்குத் தரச் சொல்லிவிட்டேன்.

மாலையில் சென்னியப்பனிடம் சொன்னேன். "நீ கட்டுற கட்டு உன் தங்கச்சி தலைக்கு மேலதான் இருக்கும். பாத்துக் கட்டு."

சாரத்திலிருந்து இறங்கியவன் மறுபடி ஏறி, முதல் பட்டையிலிருந்து எல்லாவற்றையும் அவிழ்க்க ஆரம்பித்தான்.

பிப்ரவரி 17, ஞாயிறு

தளம் போட்டாயிற்று.

நேற்று மாலையே நாற்பத்து மூன்று பட்டைகளையும் எண்ணிப் படம் எடுத்துவிட்டேன். இன்று காலை ஆறரைக்கு எல்லாம் தயார். மிக்சர் ஓடுகிறது, ஆட்கள் சட்டியோடு நிற்கிறார்கள், சென்னியப்பன் மட்டும் அசையவில்லை.

"பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் எங்கீங்க சார்?"

"யாராவது போய் வாங்கிட்டு வாங்க."

"ஓனர் கையால வாங்கியாரோணுங்க. அடுத்தவன் வாங்கியாந்தா திருஷ்டி அவன் தலையிலதான் எறங்குமுங்க. மொதல் சட்டியும் நீங்கதான் போடோணும். அது வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க."

ஆட்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் அறிவியல் படித்தவன், இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறவன் இல்லை. ஆனால் ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அறிவியல் என்ன செய்யும்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடை மூடியிருந்தது. திரும்பி வர ஐம்பது நிமிடம்.

சென்னியப்பன் தளத்தின் மேல் நின்றிருந்தான். இன்னும் வெயில் ஏறவில்லை, அவன் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டும்படி நனைந்திருந்தது. சூடம் காட்டி, காயை உடைத்து, முதல் சட்டியை நானே கொட்டினேன். அவன் கும்பிட்டான், கண்ணை மூடி, ரொம்ப நேரம். மூங்கிலைப் பாடை என்றவன் இப்போது அதைக் கும்பிடுகிறான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மதியம் எல்லோருக்கும் கோழி பிரியாணி. அதுவும் வழக்கமாம்.

பிப்ரவரி 18, திங்கள்

தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டாயிற்று. ஆனந்தம்.

மார்ச் 12, செவ்வாய்

முட்டுகளைப் பிரித்தோம். தளம் அப்படியே நின்றது. பிறகு துறை முழுவதும் வேடிக்கை பார்க்க, நூற்றைம்பது மணல் மூட்டைகளைத் தளத்தின் மேல் அடுக்கச் செய்தேன். என் கணக்குப்படி நடுவில் ஆறு மில்லிமீட்டர் தொய்ய வேண்டும். தொய்ந்தது இரண்டு! மூங்கில் என் கணக்கையே மிஞ்சிவிட்டது. நானே அதைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன்.

லோகநாயகி தொய்வைக் காட்டும் மானியை இரண்டு தடவை பார்த்தார். "இவ்வளவு கம்மியாவா? கம்பி போட்டாக்கூட இப்படித்தானே சார் வரும்" என்றார். வயிற்றெரிச்சல் என்பது எவ்வளவு படித்தாலும் போகாது. மாலையைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். மறுநாள் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

மார்ச் 28, வியாழன்

பாவாயி குடி வந்தாள். பால் காய்ச்சி எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள். சர்க்கரை அதிகம்.

"என்ற ஆயுசுல எனக்குன்னு ஒரு கதவு இருந்ததில்லீங்க சாருங்க. இப்ப உள்ளாற நின்னு தாழ்ப்பாள் போட்டுப் போட்டுப் பாக்கறனுங்க" என்றாள். சென்னியப்பன் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மாலை இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது. 'இரும்புக்கு விடை கொடுத்த பேராசிரியர்'. என் மூக்கு கொஞ்சம் பெரிதாக விழுந்திருக்கிறது. பத்து பிரதி வாங்கினேன்.

அதைப் பார்த்து ஊஞ்சக்காட்டுப்புதூர் பால் சொசைட்டித் தலைவர் நாச்சிமுத்து வீடு தேடி வந்தார். அவர்களுக்குப் பால் ஊற்ற ஒரு கட்டடம் வேண்டுமாம், என் மூங்கில் தளத்தில். பதினெட்டடி அகலம். ஆகஸ்டில் திறப்பு விழா, வெளிநாட்டிலிருந்து ஒரு குழுவும் பார்க்க வருகிறது. இது நின்றால் என் பெயர் எங்கேயோ போய்விடும்.

மே 2, வியாழன்

பாவாயி அறையில் மின்விசிறி மாட்ட எலக்ட்ரீஷியன் சம்பத் வந்தான். நானும் போயிருந்தேன். தளத்தில் துளை போடும்போது கீச்சென்று சத்தம், இரண்டு பொறி, மெஷினின் முனை உடைந்தது.

"சார், கம்பி தட்டுதுங்க."

"இதுல கம்பியே கிடையாதப்பா. ஜல்லிக் கல்லா இருக்கும்."

நாலு விரல் தள்ளி வேறு துளை போட்டு மாட்டினான். பழைய துளையில் பாவாயி காகிதத்தைச் சுருட்டித் திணித்தாள். ஜல்லிதான். கருங்கல் ஜல்லியில் பொறி பறப்பது உண்டு.

மே 3, வெள்ளி

ஆய்வகத்திலிருந்து, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காட்டும் கருவியை எடுத்துப் போனேன். பதிவேட்டில் 'மாணவர் பயிற்சிக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாவாயியை டீ வாங்கி வர அனுப்பினேன்.

கருவி பழசு, பேட்டரி சரியில்லை. பதினான்கு இடத்தில் சத்தம் போட்டது.

மே 4, சனி

பேட்டரி மாற்றினேன். பதினான்கு.

மே 5, ஞாயிறு

இன்று குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. என் மனைவி வசுமதி நல்ல வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை.

மே 13, திங்கள்

சென்னியப்பன் வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலிலிருந்து பத்தடி தள்ளிக் கழற்றினான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சொசைட்டிக்கும் மூங்கில்தான் போடறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. அதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிப்போடோணும்னு வந்தனுங்க. அம்மிணி ரூமுல நான் கம்பி போட்டுட்டனுங்க சார். நீங்க பூசணிக்காய் வாங்கப் போனீங்களே, அப்பங்க, பசங்களை டீ குடிக்க அனுப்பிப்போட்டு. ஹாஸ்டல் வேலையில மிஞ்சுன துண்டுங்க. மூங்கிலுக்கு அடியில மறைச்சு வெச்சுக் கட்டிப்போட்டனுங்க. அவ அதுக்குள்ள படுக்கப் போறான்னு நெனச்சா என்ற கை நிக்கலீங்க."

அழுதான். ஐம்பது வயது ஆள் அழுவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கோபம் வர வேண்டும், வரவில்லை. பயம்தான் வந்தது. வேறு யாரிடமாவது சொன்னானா என்று கேட்டேன். இல்லை என்றான், தங்கையிடம்கூட.

"சென்னியப்பா, நீ போட்ட பதினாலு கம்பியும் அங்க சும்மா கிடக்குது. பாரம் முழுக்கத் தாங்குறது மூங்கில்தான். அந்தக் கம்பி இல்லாட்டியும் நின்னிருக்கும். கணக்குப் போட்டவன் நான் சொல்றேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "பதினாலுன்னு நான் சொல்லவே இல்லீங்களே சார்."

"சொன்னே" என்றேன். "அழுகையில உனக்கே தெரியல."

"இருக்கும்ங்க" என்று ஒப்புக்கொண்டான். இனிமேல் ஒரு துண்டு கம்பி உள்ளே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஒரு பேராசிரியன் அப்படித்தான் சொல்ல முடியும். கேட்பதும் கேட்காததும் அவரவர் சுபாவம். போகும்போது, "இப்பத்தானுங்க நெஞ்சு லேசாச்சு" என்றான்.

மே 20, திங்கள்

சொசைட்டித் தளத்தையும் சென்னியப்பனே கட்டுவான். நாச்சிமுத்துவிடம் பேசி, பாவாயிக்கு அங்கே வேலையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கேன் கழுவுவது, தரை அலசுவது. காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை மூன்று முதல் ஆறு.

"அந்தத் தளத்துக்குக் கீழதான் நாள் முழுக்க நிக்கப்போறா" என்று சென்னியப்பனிடம் சொன்னேன். சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகம், அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

வசுமதிதான் விடவில்லை. "ஏனுங்க, கூட்டற வேலைதான் காலேஜிலயே இருக்குதே. அந்தப் புள்ளைய எதுக்கு அங்க அனுப்பறீங்க?"

ஓர் ஏழைப் பெண்ணுக்கு நல்லது செய்தால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது இந்த வீட்டில்.

ஜூன் 3, திங்கள்

மூங்கில் வெட்டி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மூன்று மாதம் காய வேண்டும். திறப்பு விழாவைத் தள்ளிப் போட முடியாது என்கிறார் நாச்சிமுத்து. தார் இரண்டு பூச்சாகக் கொடுத்தால் போதும். எப்படியும் இந்தத் தளம் மூங்கிலை மட்டும் நம்பி

போதும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, சனி

ஹாஸ்டல் கட்டடத்தில் மிஞ்சிய எட்டு மில்லிமீட்டர் கம்பியெல்லாம் வீணாகக் கிடந்தது. ஒரு வண்டியில் ஏற்றி சொசைட்டி வளாகத்தில், வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கச் சொன்னேன். பின்னால் மதில் சுவர் வேலைக்கு ஆகும். பதினெட்டடி நீளத்துக்கு வெட்டியே இருக்கின்றன.

ஜூன் 23, ஞாயிறு

சொசைட்டித் தளம் போட்டாயிற்று. நேற்றுப் பட்டைகளை எண்ணவில்லை, படமும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தால் வேலை ஆகாது.

காலை ஆறரைக்கு யாரும் கேட்காமலே, "பூசணிக்காய் வாங்கிட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன். சந்தைக்கடையில் காய் நன்றாக இல்லை. பவானி ரோட்டில் ஒரு கடை, அதுவும் திருப்தியில்லை. ஓட்டலில் இரண்டு இட்லி, காப்பி. பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் படித்தேன். திரும்பியபோது மணி ஒன்பதரை. எல்லோரும் சாரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பிக் கட்டின் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. தூக்கிப் பார்க்கவில்லை, எனக்கு அங்கே என்ன வேலை?

முதல் சட்டி நானே. பிரியாணி இந்த முறை ஆட்டுக்கறி, என் சொந்த விருப்பம்.

ஜூன் 24, திங்கள்

இரண்டு மாதத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

சென்னியப்பன் இரண்டு இளநீரோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், சொசைட்டியில அந்தக் கம்பிக் கட்டு மழையில துரு ஏறிட்டுக் கெடக்குதுங்க. எடுத்துட்டுப் போகச் சொல்லிப்போடுங்க."

"மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"மிச்சமுங்களா? வந்தது வந்தபடி கெடக்குதுங்க. ஒண்ணக்கூடத் தொடலீங்க."

இளநீரைக் கீழே வைத்தேன். "அன்னைக்குக் காலையில மூணு மணி நேரம் என்ன பண்ணினே?"

"உங்களுக்காகத்தானுங்க காத்துட்டு இருந்தம். பசங்கெல்லாம் பசியில மொணமொணன்னாங்க. சார் நல்ல காயாப் பாத்து வாங்கிட்டு வருவாருன்னு நாந்தான் சமாதானஞ் சொன்னனுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சத்தியமாச் சொல்றனுங்க, மொதல்ல ஒரு நிமிஷம் கை அரிச்சுதுங்க. அம்மிணி அங்க நிக்கப்போறாளேன்னு. அப்பறம், சார் வாக்குக் குடுத்துருக்காரு, அந்தக் கம்பி சும்மா கெடக்குதுன்னு அவரே சொன்னாரு, அவரை நம்பாம வேற யாரை நம்பறதுன்னு விட்டுட்டனுங்க."

நல்லது என்றேன்.

ஜூலை 10, புதன்

முட்டுகளை எடுக்க வேண்டாம் என்று ஆள் அனுப்பினேன்.

ஜூலை 27, சனி

நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் தளத்தில் கம்பி இருந்தது, இரண்டாவதில் இல்லை, இடித்துவிடலாம். நாலு வரிதான். படித்துப் பார்த்தேன். லோகநாயகி இதைப் படிக்கும்போது அவர் உதடு எந்தப் பக்கம் கோணும் என்று நினைத்துப் பார்த்தேன். கிழித்தேன்.

மூங்கில் நிற்கலாம். நிற்காது என்று யார் நிரூபித்தார்கள்?

ஆகஸ்ட் 12, திங்கள்

நாச்சிமுத்து ஃபோனில் கத்தினார். "முட்டுக்குள்ள பூந்து பூந்தா சார் பால் ஊத்தறது? அடுத்த வாரம் விழாவுங்க!"

எடுத்துவிடச் சொன்னேன். பக்கத்தில் நான் இருக்கவில்லை. தளம் நின்றதாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

திறப்பு விழா. வெளிநாட்டுக் குழுவில் ஓர் அம்மாள் தளத்தைப் பார்த்து இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். எனக்குப் பொன்னாடை. சென்னியப்பனுக்கும் ஒரு துண்டு போடச் சொன்னேன். போட்டார்கள்.

மேடையிலிருந்து பார்த்தேன். பாவாயி புதுச் சேலையில், தளத்துக்குச் சரியாக நடுவில் நின்று கை தட்டினாள்.

அவளை வேறு வேலைக்கு மாற்றலாம். ஆனால் அவளை மட்டும் எடுத்தால் ஏன் எடுத்தார் என்று சென்னியப்பன் யோசிப்பான்.

செப்டம்பர் 26, வியாழன்

பாவாயி கல்லூரியில் என் அறைக்கே வந்துவிட்டாள். "சாருங்க, மேல ஒரு கோடு ஓடுதுங்க. தெனமும் ஒரு விரக்கடை சேருது. நான் கரித்துண்டுல குறி வெச்சிருக்கறனுங்க."

போய்ப் பார்த்தேன். விரிசலின் முனையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கரிக்கோடு, பக்கத்தில் கிழமைக்கு ஒரு புள்ளிக் கணக்கு. பன்னிரண்டு குறி. என் ஆராய்ச்சி மாணவர்கள் ஒருவருக்கும் இந்த ஒழுங்கு கிடையாது. பச்சை மூங்கில் கான்கிரீட்டின் ஈரத்தைக் குடித்து ஊதி, இப்போது காய்ந்து சுருங்குகிறது. இழுவையைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஒன்றுமில்லை.

"பூச்சு வெடிப்பு. பயப்படாதே" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். அண்ணனும் தங்கையும் ஒரே வார்ப்பு.

செப்டம்பர் 28, சனி

சிமெண்டால் பூசி வெள்ளையடிக்கச் சொன்னேன். கரிக்குறிகளும் போயின.

அக்டோபர் 11, வெள்ளி

வெள்ளை மேல் மறுபடி மூன்று குறி வைத்திருக்கிறாள் என்று நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே சொன்னார். பேச்சை மாற்றினேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஒரு வாரமாக மழை. காலை ஆறு இருபதுக்கு விழுந்தது. பால் ஊற்ற வந்த பதினெட்டுப் பேரும் வெளியே வரிசையில் நின்றிருந்தார்கள், பால் பரிசோதிக்கிறவர் இன்று தாமதம். உள்ளே பாவாயி மட்டும், கேன் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 18, வெள்ளி

போகாமல் இருக்க முடியாது என்று வசுமதி சொன்னாள். போனேன்.

பாடைக்கு மூங்கிலைச் சென்னியப்பனே வெட்டி வந்து கட்டினான். வேறு யாரையும் தொட விடவில்லை. தென்னங்கயிறு. முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஜனவரியில் அவன் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும்.

என்னைப் பார்த்து, "வந்தீங்களா சார்" என்றான். அவ்வளவுதான்.

நவம்பர் 6, புதன்

விசாரணை. பால் சொசைட்டி வாசலில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் எதிரே நின்றான்.

"கம்பி போட்டிருந்தா நின்னிருக்குமுங்க. மொத ரூமுல போட்டனுங்க. இதுல போடலீங்க. தப்பு என்ற மேலதானுங்க."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "மொத ரூமுல கம்பி இருக்குதுங்களா சார்? இவன் உங்ககிட்டச் சொன்னதாச் சொல்றானே?"

இருக்கிறது என்று சொன்னால் ஆறு வருடம் போயிற்று. பத்திரிகை, பொன்னாடை, எல்லாம் ஒரு கம்பி கட்டுகிறவனின் பதினான்கு துண்டுக்குப் போயிற்று.

"இல்லை" என்றேன். "என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மூங்கிலைக் கட்டிய விதம் சரியில்லை என்று நினைக்கிறேன்."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் இன்ஸ்பெக்டரிடம், "சாருக்கு மறந்திருக்குமுங்க. அவருக்கு ஆயிரம் சோலிங்க" என்றான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மறுபடியும் குளித்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

லோகநாயகி ஆய்வகப் பதிவேட்டோடு என் அறைக்கு வந்தார்.

"மே மூணாம் தேதி கம்பி பாக்கற கருவிய எடுத்திருக்கீங்க சார். மாணவர் பயிற்சின்னு போட்டிருக்கு. மே மாசம் பசங்களுக்கு லீவாச்சே?"

பதிவேட்டை மூடிவிட்டு, "திங்கக்கிழமை காலையில அந்த ரூமுக்கு நானே கருவிய எடுத்துட்டுப் போறேன். இன்ஸ்பெக்டரையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

நவம்பர் 23, சனி

அந்த அறையும் அதே முறையில் கட்டியது, எப்போது வேண்டுமானாலும் விழலாம், மாணவர்கள் நடமாடும் இடம், உடனே இடிக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. நியாயமான கோரிக்கைக்கு எப்போதும் மதிப்பு உண்டு. கோபியிலிருந்து இடிக்கிற ஆட்களை வரச் சொல்லியிருக்கிறேன், நாளை ஞாயிறு, யாரும் இருக்கமாட்டார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். நாலு பேர், சம்மட்டி, ஓர் உடைக்கும் மெஷின். பத்து மணிக்கு முடிந்துவிடும் என்றார்கள். இரண்டு மணிக்குச் சுவர் மூன்று பக்கம் போய்விட்டது, தளம் போகவில்லை. நொறுங்கி நொறுங்கி, பாதித் தளம் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து அப்படியே தொங்குகிறது. கான்கிரீட் கொட்டிய இடத்திலெல்லாம் கம்பி வெளியே தெரிகிறது. துருவே இல்லை.

"யாருங்க சார் கட்டுனது? இடிக்கவே முடியலயே!" என்றான் மேஸ்திரி, பாராட்டுகிற குரலில். மெஷின் சூடேறி நின்றுவிட்டது. கம்பியை அறுக்கக் கட்டர் வேண்டும், நாளை காலை பத்து மணிக்கு எடுத்து வருகிறோம் என்று மூன்று மணிக்குக் கிளம்பிப் போனார்கள். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை.

நாளை எட்டரைக்குக் கல்லூரிப் பேருந்துகள் இந்தக் கேட் வழியாகத்தான் வரும். ஒன்பதுக்கு லோகநாயகி, இன்ஸ்பெக்டர்.

ஆய்வகத்திலிருந்து இரும்பு அறுக்கும் ரம்பம் எடுத்து வந்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. மேலே ஏற வழியில்லை, தளத்துக்கு அடியில் குனிந்து நின்றுதான் அறுக்க முடிகிறது. கை தோல் உரிந்துவிட்டது, கொஞ்சம் ஓய்வுக்காகப் பாவாயியின் வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படி மட்டும்தான் மிச்சம். கம்பியை மூங்கிலோடு எத்தனை இறுக்கமாகக் கட்டியிருக்கிறான்! ஐம்பது நிமிடத்தில் ஒருவனால் இப்படிக் கட்ட முடியுமா? இந்தத் தளம் மூங்கிலாலும் நின்றிருக்கலாம், நிற்காமலும் போயிருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியாது.

மணி நாலே கால், வெளிச்சம் இருக்கிறது. இரண்டு கம்பி அறுத்துவிட்டேன். தளம் ஒரு சாண் கீழே இறங்கியிருக்கிறது.

இன்னும் பன்னிரண்டு.